கை வைக்காத பதினோரு வருடம்

"ஸ்டியரிங்ல கை வைக்காம உட்கார்ந்திருக்கணும். அதுதான் வேலை."

"அதுக்கு எதுக்கு மேடம் டிரைவர்?"

"வைக்க வேண்டிய நேரத்துல வைக்கறதுக்கு."

"அந்த நேரமே வரலைன்னா?"

"வரக்கூடாதுன்னுதான் இத்தனை பேர் ராப்பகலா உழைக்கிறோம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ எல்லாம் நல்லபடியா நடந்தா என் வேலை போயிடும். அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கீங்க, இல்லையா?"

நேர்முகத் தேர்வில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்று ஒருமுறைதான். எதிரே இருந்தவர் பதினெட்டு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். மடியில் வைத்திருந்த கைகள் அசையாமல் கிடந்தன. அந்தக் கைகளைப் பார்த்தே வேலை கொடுத்துவிட்டாள்.

அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. எல்லாம் நல்லபடியாக நடந்துவிட்டது. நாளை முதல் அவள் உருவாக்கிய கார் ஓட்டுநர் இல்லாமல் தானாகவே ஓடும். இன்றைய ஓட்டம்தான் அவருக்குக் கடைசி. மனைவியை இழந்தவர், ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டோடு போய் இருக்கக் கிளம்புகிறார். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது என்று பட்டறைப் பையன்கள் சொன்னார்கள். அவரிடம் கேட்க அவளிடம் ஒன்று இருந்தது. போகாதீர்கள், என்னோடு இருங்கள் என்பதுதான் அது. நாலு வருடமாகத் தொண்டையில் இருக்கிறது. ஆட்சியிலிருப்பவர்களிடமும் முதலாளிகளிடமும் கூசாமல் கேட்டு வாங்கியவளுக்கு, பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் இதைக் கேட்க வாய் வரவில்லை.

கேட்பது அவளுக்குப் புதிதில்லை. இருபத்திரண்டு வயதில், கல்லூரியில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த அறையைக் கேட்டு வாங்கி, சுவரை ஒட்டிப் போகும் ஒரு மூன்று சக்கரப் பெட்டியைச் செய்தாள். முதல் நாளே அது கல்லூரி முதல்வரின் காலில் போய் முட்டி, அவர் நகர்ந்த பக்கமெல்லாம் விடாமல் பின்னாலேயே போனது. அப்புறம் குழாய்களுக்குள் ஊர்ந்து விரிசல் தேடும் எந்திரம். அதற்கும் பிறகுதான் கார். அதிகாரிகள் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மைதானத்தில், அவளுடைய முதல் கார் தன் நிழலையே பார்த்துவிட்டு நாற்பது நிமிடம் நகராமல் நின்றது. மறுநாள் பத்திரிகைகள் அதை வைத்தே பொழுதை ஓட்டின. நிழல் வெறும் நிழல்தான் என்று அதற்குப் புரியவைக்க இரண்டு வருடம் ஆனது. காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பை நாய் இல்லை என்பதற்கு இன்னும் ஒரு வருடம். இப்போது மேடைகளில் அவளை முன்னோடி என்கிறார்கள். தங்கை மட்டும் போனில், "அக்கா, உன் வண்டிக்கு முன்னாடி பூனை வந்தாக்கூட தெரியுது. உனக்குப் பக்கத்துல ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறது தெரிய மாட்டேங்குதே!" என்பாள்.

"உளறாதடி. போனை வை."

"வைக்கிறேன். அவர் பேரைச் சொல்லவே இல்லை, அதுக்குள்ள குரல் மாறுது பாரு."

சோதனை ஓட்டத்துக்கு ஒரு விதி உண்டு, அவளே எழுதியது. கார் தானாக ஓடும்போது சாலையைத் தவிர வேறு பேச்சு கூடாது. ஓட்டுநர் கண்ணில் படுவதைச் சொல்ல வேண்டும். மடிக்கணினியோடு பக்கத்தில் இருப்பவர், கார் அதைப் பார்த்ததா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். ஆகவே பதினோரு வருடமாக இருவரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் இப்படித்தான்:

"முன்னாடி ஒரு குழந்தை. கையில பந்து."

"பாத்துடுச்சு."

"அந்த வெள்ளை வண்டி கதவைத் திறக்கப் போறான்."

"இன்னும் பாக்கலை. ம்... பாத்துடுச்சு."

அம்மா இறந்த ஐந்தாம் நாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருக்க முடியவில்லை. அன்று அவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, விதி அப்படி. ஆனால் புறநகர்ச் சாலையில் திரும்பியதும், எப்போதும் இல்லாத மெல்லிய குரலில், "முன்னாடி ஒண்ணும் இல்லை மேடம். ரோடு காலியா இருக்கு. ரொம்ப தூரத்துக்குக் காலியா இருக்கு" என்றார். மடிக்கணினியின் மேல் குனிந்து அவள் நன்றாக அழுது தீர்த்தாள். அவர் திரும்பிப் பார்க்காமல் அந்தக் காலியான சாலையைப் பற்றியே நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நாலு வருடக் கணக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது.

பட்டறையில் எல்லோருக்கும் அவர் 'அண்ணே'. அவள் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பெயரைச் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "பாருங்க", "கேளுங்க" என்று ஆரம்பித்துச் சமாளித்துவிடுவாள். காருக்குப் பையன்கள் வைத்த பெயர் 'மாப்பிள்ளை'. உச்சியில் சுழலும் கருவியோடு, தலைப்பாகை கட்டியதுபோல் அது நிமிர்ந்து நிதானமாகப் போகும். இன்று வெளியே கிளம்பும்போது ஒருவன், "அண்ணே, மாப்பிள்ளையைப் பத்திரமா கொண்டுவந்து சேர்த்துடுங்க" என்று கத்தினான்.

"மாப்பிள்ளை தானா வந்துடுவாருப்பா. நான் சும்மா துணைக்குப் போறேன்" என்றார்.

மூன்று மணி வெயில் சாய்ந்து கிடந்தது. சந்தை வாசல், பள்ளிக்கூடம், பாலம் எல்லாவற்றையும் கார் தவறில்லாமல் கடந்தது. அவர் சொல்லச் சொல்ல அவள் "பாத்துடுச்சு, பாத்துடுச்சு" என்று வந்தாள். இன்றைக்கு அந்தச் சொல்லே கசந்தது. ஒரு இடத்திலாவது இந்த வண்டி திணறாதா என்று மனசு ஏங்கியது. முப்பது வருடம் உழைத்து வளர்த்ததைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

கடைசி ரவுண்டானா வந்தது. இரண்டாவது சாலையில் திரும்பினால் நாலு நிமிடத்தில் பட்டறை. கார் முறையாக வேகத்தைக் குறைத்து, சைகை விளக்கைப் போட்டது. அப்போது, ஓட்டுநர் கை வைத்தால் மட்டும் அடிக்கும் மணி டிங் என்று ஒலித்தது.

அவள் நிமிர்ந்தாள். அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன.

முன்னால் யாரும் இல்லை. குழந்தை, சைக்கிள், பள்ளம் எதுவும் இல்லை. கார் இரண்டாவது சாலையை விட்டது, மூன்றாவதையும் விட்டது. ரவுண்டானாவை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, ஊருக்கு வெளியே ஆற்றங்கரைப் பக்கம் போகும் சாலையில் இறங்கியது. கொஞ்ச தூரம் போய், தான் செய்தது அப்போதுதான் உறைத்ததுபோல், அவர் ஓரமாக நிறுத்தினார்.

அவள் மடியிலிருந்த திரையில் படிவம் தானாகத் திறந்தது. ஓட்டுநர் குறுக்கிட்ட காரணம்: பாதசாரி, வாகனம், சாலைப் பழுது, கருவிக் கோளாறு, பிற. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். வண்டியின் குறை என்று போட்டால் நாளைய அனுமதி ரத்தாகும், இன்னும் முப்பது நாள் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டுநரின் தவறு என்று போட்டால் வண்டி தப்பிக்கும், ஒரு கரும்புள்ளியும் இல்லாத அவருடைய பதினோரு வருடப் பதிவில் கடைசி வரி அதுவாக இருக்கும்.

முப்பது நாள். 'கருவிக் கோளாறு' என்ற சொல்லை அவள் ஒரு கணம் ஆசையாகப் பார்த்தாள். அந்தப் படிவத்தில் அவள் இதுவரை ஒரு பொய் எழுதியதில்லை.

"என் தப்புன்னே போடுங்க மேடம். வண்டி சரியாத்தான் போச்சு."

"உங்களுக்கு எதுவும் உடம்புக்கு..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை."

"அப்புறம் ஏன் கை வச்சீங்க?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு லாரி தூசியைக் கிளப்பிக்கொண்டு கடந்து போனது.

"திரும்பினா வொர்க்‌ஷாப் வந்துடும்" என்றார்.

அவள் திரையைப் பார்த்தாள். கட்டத்துக்குள் கோடு விட்டுவிட்டு மின்னியது. காரணம் தெரிந்த பிறகு எழுதுவது கஷ்டமாக இல்லை. 'பிற' என்பதைத் தொட்டாள். 'வண்டியில் குறை இல்லை. ஓட்டுநரின் சொந்தக் காரணம். உடன் வந்த பொறியாளருக்கும் அதே காரணம்' என்று தட்டி அனுப்பினாள். படிப்பவர்கள் தலையைச் சொறிந்துகொள்ளட்டும்.

"என்ன போட்டீங்க?"

"உள்ளதைத்தான் போட்டேன்."

அவர் முகம் வெளிறியது. சாவியைத் தொடப் போன கை பாதியில் நின்றது. "பெரிய தப்புத்தான் மேடம். பசங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. போயிடலாமா?"

"போகலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். ரோட்டைப் பத்தி இல்லை."

வண்டி நின்றுதானே இருக்கிறது என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். மடிக்கணினியை மூடினாள். சீட் பெல்ட்டைக் கழற்றினாள்.

"ஞாயித்துக்கிழமை போகாதீங்க. மகளைப் பாக்கணும்னா ரெண்டு பேருமா போய்ப் பாத்துட்டு வரலாம். இன்னிக்கு இங்கேருந்து என் வீட்டுக்கு வாங்க. சாப்பிட்டுட்டுப் போறதுக்கு இல்லை." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இருக்கறதுக்கு."