நயினார் போட்ட மூடாக்கு

செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள்கூட அஜிததாஸ் நயினார் அளவுக்குப் பெருமையடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அறுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம், ஏதோ ஒரு வேளாண்மைப் பத்திரிகையைப் படித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த காய்கறித் தோட்டம் முழுக்க மரச்சிராயைக் கொட்டிப் பரப்பினார். மூடாக்கு என்று அதற்குப் பெயர். வெயில் மண்ணைச் சுடாது, தண்ணீர் பாதி போதும், களையே முளைக்காது என்று பத்திரிகையில் போட்டிருந்ததாம்.

"களை இல்லன்னா கொத்துற வேலை இல்ல. கொத்தலன்னா மண்புழு சாவாது. ஒரு உசுருக்குக்கூடக் கேடு இல்லாத தோட்டம், சின்னப்பொண்ணு!" என்று முகம் மலரச் சொன்னார்.

சின்னப்பொண்ணுவின் முகம் மலரவில்லை. எட்டு வருஷமாக அந்தத் தோட்டத்தில் களை கொத்துகிறவள் அவள். வாரத்தில் மூன்று நாள் அவள் வீட்டில் உலை கொதித்தது அந்தக் கூலியில்தான். போதாததற்கு, கன்னியப்பன் ஆசாரியின் வண்டிப் பட்டறையில் செதுக்கித் தள்ளும் சிராயைக் கூடையில் வாரிவந்துதான் அவள் அடுப்பே எரித்தாள். நயினார் அதையும் மாட்டுவண்டி வைத்து ஒரு துண்டு விடாமல் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். மண்புழுவுக்கு இரங்கியவருக்கு, இரண்டு காலில் நடக்கிற ஜீவன் ஒன்று கண்ணில் படவே இல்லை. பாவம், பத்திரிகையில் அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை போலிருக்கிறது.

ஆவணியில் மழை பிடித்தது. களை முளைக்கவில்லை, அதில் நயினார் ஜெயித்தார். வெண்டை இடுப்புயரம் வளர்ந்து காய்த்தது. ஆனால் முதல் காய் பறிக்கப் போனவர், ஊன்றிய காலை அப்படியே தூக்கிக்கொண்டார். சிராய்க்கு அடியில் கரையான், மரவட்டை, பேர் தெரியாத பூச்சி என்று ஒரு ஊரே குடியேறியிருந்தது. எங்கே மிதித்தாலும் நூறு உயிர்; ஜைனரான அவருக்கு அது பெரும்பாவம். வரப்பில் நின்றபடியே மூன்று நாள் வெண்டைக்காய் முற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்டூர்ல உங்க அண்ணாரு ஏர் ஓட்டலையா? அவரும் ஜைனர்தானே?" என்றாள் அவர் மனைவி நீலாஞ்சனா. "வேணும்னு கொல்லாத, பாத்து நடன்னுதான் சொல்லியிருக்குது. நீங்க கரையானுக்கு வூடு கட்டிக் குடுத்துட்டு வெளிய நிக்கிறீங்க."

நயினாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சின்னப்பொண்ணுவை ஆள் விட்டு அழைத்தார்.

"உள்ள போயி காயப் பறிச்சிட்டு, அந்தச் சிராய வாரி எங்கனா கொளுத்திடு."

"அதுல இருக்கிற உசுருங்க, நைனாரே?"

"நீங்கல்லாம் பழகினவங்க. உங்களுக்கு அந்தப் பாவம் ஒட்டாது."

சின்னப்பொண்ணுவுக்குச் சுருக்கென்றது. இவர் பாதம் சுத்தமாக இருக்க, அவள் போய் மிதிக்க வேண்டும். எட்டு வருஷமாகத் தன் களைக்கொத்தில் செத்த புழுவின் பாவமெல்லாம் யார் தலையில் விழுந்தது என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. திட்டத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயையோ, உங்க தோட்டத்துப் பூச்சிய நான் கொல்லலாமா? உங்களுக்குத்தானே கெட்ட பேரு. ஒவ்வொரு சிராயா எடுத்து, மெதுவா தட்டி, பூச்சிய வேலியோரம் விட்டுடறேன். வெறும் சிராய அடுப்புக்கு எடுத்துக்கிறேன். கொஞ்சம் நாளாவும். நாள்கூலி பழையபடிதான்."

முடியாது என்றால் நயினார் கரையானைக் கொல்லச் சொன்னவர் ஆகிவிடுவார். சமையலறை வாசலில் நீலாஞ்சனா சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"சரி" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுநாள் காலை சின்னப்பொண்ணு தோட்டத்தின் ஓரத்தில் குந்தினாள். ஒரு சிராயை எடுத்தாள், தட்டினாள், ஊதினாள், கூடையில் போட்டாள். பிறகு வெற்றிலை போட்டாள். கார்த்திகை பிறந்தும் கால்வாசிகூட முடியவில்லை. சிராயை எடுத்த இடத்திலெல்லாம் பச்சைப் பசேலென்று களை முளைத்திருந்தது. அதை அவள் இன்னும் தொடவில்லை. அது தனி வேலை.

"இன்னா சின்னப்பொண்ணு, கொஞ்சம் சீக்கிரம் ஆவட்டுமே" என்றார் நயினார்.

"அவசரப்பட்டா உசுரு போயிடும், நைனாரே" என்றாள் அவள், அடுத்த சிராயை எடுத்தபடி.