ஆல்டோவுக்கு எழுதிய தாள்

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். குகதாசனுக்குச் சொல் போகவில்லை, அது முன்னைவிடக் கூடத்தான் இருந்தது. போனது சாக்ஸபோன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெலுத்தோங் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, மேல்வரிசை முன்பற்கள் மூன்று போயின. கட்டுப்பல்லை வைத்துக்கொண்டு சோறு தின்னலாம், சண்டை போடலாம். சாக்ஸின் வாய்முனையைப் பல்லால் பிடித்து ஊத முடியாது. ஊதினால் பல் ஒரு பக்கம் போகும், காற்று ஒரு பக்கம் போகும்.

அவர் இடத்துக்கு வந்தவன் கோகுலன். பாகான் டாலாம் ஊர்க்காரன், முப்பத்திரண்டு வயது, தொழிற்சாலையில் டெக்னீஷியன். குகதாசனுக்கு அவனைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: அவன் நன்றாக வாசித்தான். சுமாராக வாசிக்கிறவனாக இருந்திருந்தால் தம்பி தம்பி என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்.

குழுவில் குகதாசனுக்கு மிச்சமிருந்தது இசைத்தாள் எழுதுகிற வேலை. பியானோ வாசிக்கும் ஹாஃபிஸ்தான் குழுவின் தலைவன். ஒத்திகை பார்த்துப் பார்த்தே ஜாஸைக் கொன்றுவிடுவார்கள் என்பது அவன் கட்சி. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்று மட்டும் பேசிக்கொள்வார்கள். மற்றதெல்லாம் மேடை ஏறுமுன் குகதாசன் ஸ்டாண்டில் கொண்டுவந்து வைக்கும் தாள்தான். பதினெட்டு வருஷத்தில் அவர் தாளில் ஒரு புள்ளி பிசகியதில்லை. ஊத முடியாத மனிதரை இன்னும் குழுவில் ஒருவராக வைத்திருந்தது அந்தப் பெயர்தான். அது அவருக்கும் தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நிகழ்ச்சிக்கு ஹாஃபிஸ் ஒரு யோசனை வைத்திருந்தான். டிவி தொடர்களின் இசையை ஜாஸில் வாசிப்பது. இரண்டு மலாய் நாடகம், ஒரு சீனத் தொடர், ஒரு கார்ட்டூன், முதல் பாதியின் முடிவில் ஒரு தமிழ்த் தொடர். அங்கேதான் வந்தது வினை. அந்தத் தமிழ்த் தொடரின் முகப்பு இசையைப் பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஸ்டுடியோவில் வாசித்தது குகதாசன். வாரம் ஐந்து நாள், சாயங்காலம் ஏழரை மணிக்கு நாட்டில் பாதித் தமிழ் வீடுகளில் அவர் டெனர் சாக்ஸ் ஒலித்தது. பசாரில் மீன்காரி அந்த மெட்டை முணுமுணுத்தபடி அவருக்கு ஒரு மீன் கூடுதலாகப் போட்டிருக்கிறாள்.

“அதையும் கோகுலன் வாசிக்கட்டும், அபாங்” என்றான் ஹாஃபிஸ், எப்போதும்போல மலாயில் அண்ணன் என்று கூப்பிட்டு, ஏதோ நாற்காலியை நகர்த்தச் சொல்வதுபோல. குகதாசன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வீட்டுக்கு வந்தபிறகு சோறு இறங்கவில்லை. என் பல் போனது போதாதா, என் பாட்டும் போக வேண்டுமா என்று அவருக்கு வயிறு எரிந்தது.

எரிகிற வயிறு சும்மா இருக்குமா? சாக்ஸில் டெனர் பெரியது, ஆல்டோ சிறியது. இரண்டுக்கும் விரல் வைப்பது ஒரே மாதிரிதான், ஆனால் வருகிற ஸ்வரம் வேறு. டெனருக்கு எழுதியதை ஆல்டோவில் வாசித்தால் பாட்டு முழுக்க இடம் பெயர்ந்துவிடும். குழு ஷட்ஜத்தில் நிற்கும்போது வாசிப்பவன் தனியாக மத்திமத்தில் போய் நிற்பான். அதனால் ஆல்டோக்காரனுக்கு மாற்றி எழுதிக் கொடுப்பது வழக்கம். கோகுலன் ஆல்டோக்காரன். குகதாசன் தன் பழைய டெனர் தாளை ஒரு புள்ளி மாற்றாமல் நகல் எடுத்தார். மேலே கொட்டை எழுத்தில் ‘ஆல்டோ’ என்று எழுதினார். கேட்டால் தாள் மாறிப்போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம். ஜனம் மட்டும், குகதாசன் வாசித்த மாதிரி வராது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

சூலியா தெருப் பக்கத்துச் சந்தில், பழைய கடைவீட்டு மாடியில் இருந்தது கிளப். மாலை நாலரை மணி. குகதாசன் மனைவி அருந்ததியோடு முன்வரிசை மேசையில் உட்கார்ந்தார். முதல் நான்கும் ஒழுங்காகப் போயின, கைதட்டல் விழுந்தது. ஐந்தாவதாக அந்தத் தாளைக் கோகுலன் எடுத்து வைத்தான்.

முதல் ஸ்வரமே தப்பாக விழுந்தது. ஆளுயர பாஸ் வாத்தியத்தை அணைத்துக்கொண்டு நின்ற நூர் ஃபாத்திஹா வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாள். குகதாசன் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கோகுலன் வாசித்துக்கொண்டே தாளைப் பார்த்தான், மறுபடியும் பார்த்தான். நிறுத்துவான், அசடு வழிவான் என்று குகதாசன் காத்திருந்தார். அவன் நிறுத்தவில்லை. கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல், ஒலியைத் தணித்து, எழுதியிருந்தபடியே வாசித்தான். ஹாஃபிஸ் பியானோவிலிருந்து கையைத் தூக்கி இரண்டு தாள வட்டம் சும்மா கேட்டான். பிறகு சாக்ஸுக்கு அடியில் புதிய ஸ்வரக் கூட்டுகளை மெதுவாக வைக்கத் தொடங்கினான்.

அந்தத் தொடர், பெரிய குடும்பத்துக்கு நடுவில் யாருமில்லாமல் போன ஒருத்தியின் கதை. குகதாசன் வாசித்தபோது அது இனிமையான மெட்டாக இருந்தது. இப்போது குழு ஒரு பக்கமும் சாக்ஸ் ஒரு பக்கமுமாக நின்றதில், அந்த ஒருத்தி தனியாக நிற்பது கேட்டது. குகதாசன் காது பொய் சொல்லத் தெரியாத காது. நன்றாயிருக்கிறது என்று அது சொல்லிற்று. பாவி, நன்றாயிருக்கிறதே என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

முடிந்ததும் மாடி அதிர்ந்தது. ஹாஃபிஸ் மைக்கைப் பிடித்து, “அரேஞ்ச்மென்ட், அபாங் குகதாசன்!” என்று கையை நீட்டினான். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். குகதாசன் அரைகுறையாக எழுந்து உட்கார்ந்தார்.

அருந்ததி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “பதினாறு வருஷமா கேட்ட பாட்டுலா. இன்னிக்குத்தான் அழுகை வருது.”

“நான் வாசிச்சப்ப?”

“நீங்க வாசிச்சப்ப பெருமையா இருந்துச்சு” என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமலே.

இடைவேளையில் கோகுலன் எல்லாத் தாள்களையும் அள்ளிக்கொண்டு மேசைக்கு வந்தான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“அண்ணே, எப்படிண்ணே இப்படி எழுதத் தோணுச்சு? மொதல்ல தப்புன்னுதான் நெனச்சேன். வேற யாராச்சும் எழுதியிருந்தா தாளைத் தள்ளிட்டு எனக்குத் தெரிஞ்சபடி வாசிச்சிருப்பேன். அம்மா டெய்லி பார்த்த தொடர், எனக்கு மனப்பாடம். ஆனா நீங்க எழுதினதாச்சே, காரணம் இல்லாம இருக்காதுன்னு அப்படியே புடிச்சுக்கிட்டுப் போனேன்.”

அவன் முகம் பூரித்துக் கிடந்தது. அந்தப் பூரிப்பைத்தான் குகதாசனால் தாங்க முடியவில்லை. அவர் உண்மையைச் சொன்னது நல்ல மனசால் அல்ல. அந்த முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

“காரணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது டெனர் தாள். நீ சொதப்பணும்னு வேணும்னேதான் வச்சேன். நீ ஒண்ணும் பெரிசா வாசிச்சுடல தம்பி, தப்பான தாளை வாசிச்சே.”

அருந்ததி கையிலிருந்த கிளாஸை மேசையில் வைத்தாள். கோகுலன் முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் குகதாசன் எதிர்பார்த்த இடத்தில் அல்ல. வாசிப்பைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

“நீங்களாண்ணே?” என்றான். மேலே இருந்த தாளைப் புரட்டிவிட்டு, “ரெண்டாவது செட்டு தாளெல்லாம்?” என்று கேட்டான்.

“அதெல்லாம் சரியா இருக்கு.”

“சரிண்ணே.”

கோபமில்லை, கத்தல் இல்லை. கையிலிருந்த தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கி, அவர் முன்னால் மேசையில் வைத்தான். அவன் நேராகப் போய் ஹாஃபிஸிடம் குனிந்து ஏதோ சொன்னான். ஹாஃபிஸ் ஒருமுறை குகதாசனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தன் பியானோவின் மேலிருந்த தாள்களையும் எடுத்துக் கீழே வைத்தான். நூர் ஃபாத்திஹா தன் ஸ்டாண்டை மடக்கினாள்.

“மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேன்” என்றார் குகதாசன். “ஒரு புள்ளிகூட பிசகல. பாரு, நீயே பாரு” என்று ஒவ்வொரு தாளாக அருந்ததி பக்கம் திருப்பிக் காட்டினார். மேடையில் காகிதம் இல்லாமலேயே இரண்டாவது பாதி தொடங்கிவிட்டது.