சாத்தான்குளத்துப் பெண்

கல்யாணப் பத்திரிகையில் என் ஊர்ப் பெயரைப் போடக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோது முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். கோபம் பிறகுதான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

என் பெயர் ஜெயஷீலா. சொந்த ஊர் சாத்தான்குளம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் சரக்குக் காகிதங்கள் பார்க்கிற வேலை. வயது முப்பத்தொன்று. எங்கள் சொந்தபந்தத்தில் இந்த வயதைச் சொன்னால் கேட்டவர் ஒரு நிமிடம் தரையைப் பார்ப்பார். அப்பா எஸ்றா, சாத்தான்குளத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு என்னோடு தூத்துக்குடி மில்லர்புரத்தில் இருக்கிறார். மாப்பிள்ளை நேசக்குமாரை எனக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்தவர்களில், சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல் வேலை என்னவென்று கேட்டவன் அவன் ஒருவன்தான். அதனால்தான் இத்தனை கோபம். பிடிக்காதவன் என்றால் போடா என்று விட்டிருப்பேன்.

வில்லங்கம் அவன் தாய்மாமா வழியாக வந்தது. பாஸ்டர் தேவபிரசாதம். சொந்தமாக ஒரு ஜெபக்கூடம் நடத்துகிறார். அவரைக் கேட்காமல் அந்த வீட்டில் மிக்சி கூட வாங்க மாட்டார்கள். பத்திரிகை மாதிரியை வாட்ஸ்ஆப்பில் பார்த்தவர், என் ஊர்ப் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். மேலே தேவ வசனம், கீழே சாத்தானா என்று ஒரு குரல் பதிவு வேறு.

ஓசை ஒன்றுபோல இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் சாத்தான் வேறு ஆள். பழைய தமிழில் சாத்து என்றால் வணிகக் கூட்டம். வடமொழியில் அதைச் சார்த்தம் என்பார்கள். கொற்கையில் முத்து வாங்கி மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு நடந்தவர்கள் எல்லாம் சாத்துதான். சாத்தன் என்றால் வணிகன். வழித்துணையாக நிற்கிற ஐயனாருக்கும் அதே பெயர். அந்தச் சாத்தன் குளம்தான் வாய்ப்பேச்சில் நீண்டு சாத்தான்குளம் ஆயிற்று. பாலி மொழியில் சத்தா என்றால் ஆசான். புத்தரையே அப்படித்தான் கூப்பிட்டார்கள். இலக்கண உரைகாரர்களுக்கு எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆள் வேண்டுமென்றாலும் சாத்தன்தான் வருவான். சாத்தன் வந்தான், சாத்தன் உண்டான் என்று அவனைப் பாடாய்ப் படுத்துவார்கள். இவ்வளவையும் ஆண்டுதோறும் வகுப்பில் சொன்னவர் என் அப்பா. அந்த அப்பாதான் போனில் பாஸ்டரிடம், "அதுக்கென்னங்கய்யா, எஸ்.குளம்னு போட்டுக்கிடலாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்பா, எஸ்.குளம்னா எந்த ஊருப்பா? எந்த பஸ்ல போர்டு போட்டிருக்கான்?"

"ஒரு சொல்லுதானளா, விடு."

"ஒரு சொல்லுதான்னு நீங்களாப்பா சொல்லுதிய?"

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "முப்பத்தொண்ணு ஆயிட்டு மக்கா. மாப்பிள்ளையக் கெட்டிக்கிடப் போறியா, சொல்லக் கெட்டிக்கிடப் போறியா?"

அவர் பயம் எனக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாஸ்டர், நேசக்குமார், அவன் அம்மா அற்புதமணி. எஸ்.குளம் என்று திருத்திய மாதிரியை அப்பா நீட்டினார். பாஸ்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், அவர் அப்போதுதான் ஆரம்பித்தார்.

"பத்திரிகைல எடுத்தா போதுமா? கல்யாணம் முடிஞ்சதும் ஆதார்லயும் மாத்திரணும். அப்புறம் ஞானஸ்நானம். அந்த ஊர்ல வச்சுக் குடுத்தது செல்லாது. இங்கன கடல்ல வச்சு நானே குடுத்திருதேன்."

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா மடியில் வைத்துக் கொடுத்த ஞானஸ்நானம் அது. அப்பா தன் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?" என்றேன். "எபிரேயத்துல சாத்தான்ங்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"பிசாசு."

"இல்ல. எதிர்த்து நிக்கிற ஆளுன்னு அர்த்தம். அது முதல்ல ஒருத்தன் பேரே இல்ல. வேதத்துல ஓரிடத்துல, தப்பான வழில போறவன மறிச்சு நிக்கிற தேவதூதனையே மூல பாஷையில அந்தச் சொல்லாலதான் சொல்லியிருக்கு. அதுதான் அரபில ஷைத்தான், இங்கிலீஷ்ல சேட்டன். எங்க ஊருப் பேருக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. அந்தச் சொல்லு கப்பலேறி இங்கன வாரதுக்கு முன்னாலயே நம்ம சாத்தன் இங்கன இருக்கான். வந்தவனுக்காக இருந்தவன எதுக்குப் பேர மாத்தச் சொல்லுதிய?"

அற்புதமணி அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு மகனைப் பார்த்தார். பாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கூடத் தேவலை. அவர் முகத்தில் இரக்கம் வந்தது.

"கேட்டியாடே நேசா, சாத்தானுக்கு வக்காலத்து வாங்குதா பிள்ள. இது பிள்ள பேசல. உள்ள இருந்து வேற ஒண்ணு பேசுது." எழுந்து வந்து என் எதிரே நின்றார். "முழங்கால்ல நில்லும்மா. அந்தப் பிசாசக் கட்டி ஜெபிச்சு வெரட்டிருவோம்."

அவர் கை என் தலையை நோக்கி வந்தது. நான் நேசக்குமாரைப் பார்த்தேன். மாமா, உக்காருங்க என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்காக என் உயிரே காத்துக்கொண்டிருந்தது.

"ஒரு ஜெபந்தான, ஜெயா," என்றான் அவன். "முழங்கால்ல நின்னுட்டா முடிஞ்சிரும்."

இதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. என் முழங்கால் கொஞ்சம் வளைந்தது. முப்பத்தொன்று வளைத்தது, அப்பாவின் பயம் வளைத்தது, அவனை எனக்குப் பிடித்திருந்ததும் வளைத்தது. அப்படி வளைந்ததற்காக அந்த அறையில் எல்லோரையும் வெறுத்தேன், என்னையும் சேர்த்து.

தலையில் கை படவில்லை. அப்பா நடுவில் வந்து நின்றிருந்தார். பாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்து, மேசையில் ஒரு பொருளை வைப்பதுபோல மெதுவாகக் கீழே இறக்கினார்.

"காப்பி குடிச்சாச்சுல்லா, கிளம்புங்க" என்றார்.

"அண்ணாச்சி, ஏதோ ஒரு வார்த்த பேச்சுக்குச் சொன்னதுக்கு..." என்று அற்புதமணி அத்தை எழுந்தார்.

"வார்த்ததாம்மா. நான் வாழ்நாளெல்லாம் சோறு தின்னது அதுலதான். எம்பிள்ள சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல. அத நான் சொல்லியிருக்கணும். சொல்லாம வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன் பாத்தியளா, அதுதான் தப்பு."

பாஸ்டர் ஏதோ ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டே காரில் ஏறினார். அத்தையும் போய்விட்டார். நேசக்குமார் மட்டும் வாசலில் செருப்பை மாட்டுவதற்கு வேண்டுமென்றே நேரம் எடுத்தான். நான் கூப்பிடுவேன் என்று எதிர்பார்த்தான்போல. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நல்ல முகம்தான், இப்போதும்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏளா, அந்தக் கதவச் சாத்து."

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்ச் சாத்தினேன்.