வெள்ளிக்கிழமை வளையங்கள்

போன வெள்ளிக்கிழமை நான்காம் எண் மறுபடியும் சாய்ந்திருந்தது. கோகுலராஜ் அந்தப் பீங்கான் வளையத்தை விளக்குக்கு அடியில் பிடித்துக் காட்டினான். நான்கு மட்டுமா? ஏழு நகர்ந்து போய் எட்டோடு உரசிக்கொண்டிருந்தது. பன்னிரண்டைக் காணவே இல்லை. அது விழுந்த இடத்தில் எனாமல் கொப்புளமாகக் காய்ந்து கிடந்தது.

“இருபதுல ஒன்பது ரிஜெக்ட். உன் தட்டுல மட்டும்தான்,” என்றான். “மத்த நாள்ல நல்லாத்தானே செய்யிற? வெள்ளிக்கிழமை வந்தா உனக்கு என்னா லா ஆவுது?”

என்ன ஆகிறது என்று எனக்கே தெரிந்தால் நான் எதற்கு அவன் முன்னால் திருடி மாதிரி நிற்கிறேன்? என்னைவிட மூன்று வயது சின்னவன். லைன் லீடர் ஆனதிலிருந்து சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்துக்கொள்கிறான். என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

கைக்கடிகார முகத்தைச் சுற்றி வரும் பீங்கான் வளையத்தில் எண்களை ஒட்டுவது என் வேலை. ஒவ்வொரு எண்ணும் அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். தூரிகை நுனியால் ஒரு புள்ளி எனாமல் குழம்பு வைத்து, இடுக்கியால் எண்ணை எடுத்து அதன்மேல் நிறுத்த வேண்டும். மூச்சு பட்டால்கூட நகர்ந்துவிடும். காய்ந்ததும் தட்டு அடுப்புக்குப் போகும். அங்கே எனாமல் உருகி, ஆறும்போது எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். எனாமலில் எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ கலந்தால் பிடிக்காது, எண் வழுக்கிக்கொண்டு போய்விடும். திங்கள் முதல் வியாழன் வரை ஆண்கள் கடிகாரத்துக்குக் கறுப்பு வளையம். வெள்ளிக்கிழமை பெண்கள் கடிகாரத்துக்கு வெள்ளை வளையம். எல்லாருக்கும் அப்படித்தான். என் தட்டு மட்டும்தான் பாழாகிறது.

ஐந்து வெள்ளிக்கிழமைகளாக நானும் செய்யாதது இல்லை. தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன். பௌடரை விட்டேன். நகத்தை ஒட்ட வெட்டியதில் விரல் நுனியெல்லாம் எரிந்தது. திருநீறோ குங்குமமோ இருந்தால் வாசலிலேயே துடைத்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது கம்பெனி விதி. நான் வீட்டிலேயே வைக்காமல் கிளம்ப ஆரம்பித்தேன். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா இப்படி வெறும் நெத்தியோட போறியே,” என்று அம்மா தினம் ஒரு சண்டை. தினமும் வெள்ளிக்கிழமை இல்லை என்று சொன்னாலும் அடங்கமாட்டார்.

ஆறு மாதச் சோதனைக் காலம் முடிகிறது. திங்கட்கிழமை பட்டியல் ஒட்டுவார்கள். அதில் தேவமலர் என்ற பெயர் இருந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஜாசின் தோட்டத்தில் மறுபடி அம்மாவோடு செம்பனை மரங்களுக்கு உரம் போடப் போக வேண்டியதுதான். எட்டு வருடம் உரவாளி தூக்கியாயிற்று. இனி ஒரு நாள்கூட என்னால் முடியாது.

இந்த வேலைக்கு ஃபாரம் கொண்டுவந்து கொடுத்தவர் பெரியநாயகி அக்கா. எங்கள் லயத்து வரிசையில் நான்கு வீடு தள்ளி இருக்கிறார். தட்டுகளை அடுப்பில் வைத்து எடுப்பது அவர் வேலை. ஏழு வருடமாக அதே அடுப்பு. விடிவதற்கு முன் வரும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்காருவார். ஒன்பது ரிஜெக்ட் என்று நான் புலம்பியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். “பயப்படாத. பட்டியல்ல உன் பேரு வரும். நான் மாரியாயிகிட்ட உன்ன ஒப்படைச்சிட்டேன்,” என்றார்.

இன்று கடைசி வெள்ளி. இருபது வளையத்தையும் இரண்டு முறை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டை அடுப்பறை அலமாரியில் வைத்தேன். தேநீருக்குப் போனவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. பாதியில் எழுந்து திரும்பி வந்தேன்.

அலமாரி முன்னால் அக்கா நின்றிருந்தார். கையுறையைக் கழற்றியிருந்தார். இடுப்பிலிருந்து எடுத்த காகிதப் பொட்டலம் உள்ளங்கையில் விரிந்திருந்தது. உதடு எதையோ முணுமுணுக்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து என் தட்டின் மேல் எதையோ தூவின.

“என்னாக்கா போடுறீங்க?”

“மெதுவா பேசு. கோயில் திருநீறு. வெள்ளிக்கிழமைதோறும் போடுறேன், உன் தட்டுக்கு மட்டும்தான்.” அக்கா சிரித்தார். “மொதல்ல ஒரு சிட்டிகைதான் போட்டேன். உனக்கு ரிஜெக்ட் கூடக் கூட நானும் கூட்டிக்கிட்டே வந்தேன். இன்னிக்கு மூணு.”

எனக்கு அழுகை வரவில்லை. அந்தத் தட்டைத் தூக்கி அவர் தலையிலேயே கவிழ்க்கலாம்போல ஆத்திரம் வந்தது. நகம் வெட்டி எரிந்த விரல்கள், அம்மாவோடு போட்ட சண்டை, கோகுலராஜிடம் வாங்கிய பேச்சு எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

“அது தூசுக்கா. தூசு பட்டா எனாமல் பிடிக்காதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“சாமி திருநீறு தூசாடி?”

“அடுப்புக்கு அது சாமி திருநீறுன்னு தெரியுமாக்கா?”

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். “மொத வாரம் ரெண்டு… அப்புறம் நாலு…” ஒன்பது வரை போகவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது.

நான் தூரிகையை எடுத்துக் குனிந்தேன். வெள்ளைப் பீங்கானில் வெள்ளைத் திருநீறு. கண்ணுக்கே தெரியவில்லை. ஊதினால் எண்கள் விழும். தூரிகை பட்டதும் முதல் வளையத்தில் மூன்றாம் எண் சரிந்தது. இருபது வளையம், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு எண். தேநீர் நேரமோ முடியப்போகிறது.

சொல்லிவிட்டால் நான் தப்பிப்பேன். ஆனால் போன வருடம் முகப் பௌடரோடு அடுப்பறைக்குள் போன ஒருத்தியை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அக்கா வீட்டில் சம்பளம் கொண்டுவருவது அக்கா மட்டும்தான். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை என் கதை முடிந்தது. இவரை யார் எனக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னது? அதுவும் அடுப்பறையில், அதுவும் என் தட்டின் மேல்?

கதவு திறந்தது. கோகுலராஜ்.

“இன்னும் அடுப்புல ஏத்தலையா? மலர், நீ இங்க என்னா பண்ற?” வளையத்தில் சரிந்து கிடந்த மூன்றாம் எண்ணைப் பார்த்துவிட்டான். “தொட்டியா? கையக் காட்டு.”

பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒவ்வொரு வெள்ளியும் என் கையைத்தான் பார்ப்பான். இரண்டு கையையும் நீட்டினேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுத்தமாக இருந்தன. எண்ணெய் இல்லை, நகம் இல்லை, எதுவுமே இல்லை.

“அப்ப எப்படி லா?” என்றான்.

எனக்கு எதைச் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

அப்போது என் கைகளுக்குப் பக்கத்தில், அவன் கேட்காமலே, இன்னொரு கை மெதுவாக நீண்டது. அடுப்புச் சூட்டில் கறுத்துப்போன கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வெள்ளையாக இருந்தன.