பல்லால் ஏற்றிய லாரி

இப்போது என் வாயில் மிச்சமிருப்பது ஒரே ஒரு பல். இரண்டு இருந்த காலத்தில், அந்த இரண்டாலும் கடித்து ஒரு லாரியை மேடேற்றியிருக்கிறேன். வெறும் லாரி இல்லை. என் அண்ணனும் அதில் இருந்தார், சவப்பெட்டிக்குள்.

சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

அது பழைய பெட்ரோல் லாரி. எனக்குப் பால்பல் முளைக்கும் முன்பே ஓடத் தொடங்கியது. முன்பக்கம் காண்டாமிருகத்தின் முகம். மட்கார்டு ஒவ்வொன்றும் ஓர் ஆள் படுத்துத் தூங்கும் அகலம். அண்ணன் வீட்டில் இருந்ததைவிட அதற்குள் இருந்ததுதான் அதிகம். அதனால் இடுகாட்டுக்கு வேன் பேசலாம் என்று எல்லோரும் சொன்னபோது அண்ணி ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"அவரு அதுலதான் போவாரு."

ஓட்டியவர் என் அக்காவின் கணவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நான் மழை பெய்கிறது என்று சொன்னாலும் "அளக்காத மாப்ள" என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்து பார்ப்பவர். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு காலி வேனைப் பின்னால் வரச் சொல்லியிருந்தார். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி வழியெல்லாம் பக்கக் கண்ணாடியில் அந்த வேனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இடுகாடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. ஏறத் தொடங்கியதுமே இன்ஜினுக்குள் யாரோ தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினார்கள். எனக்கு அது காதில் விழவில்லை. கொதிகலன் தொழிற்சாலையில் ஆணி அடித்தே என் காதுகள் போய்விட்டன. காது மெஷின் இன்ஜின் பக்கத்தில் விசில்தான் அடிக்கும். பின்னால் பெட்டியைப் பிடித்தபடி பலகையில் தாடையை வைத்திருந்தேன். தாடைக்குத்தான் தெரிந்தது. லாரி திணறி நின்றது. வேனும் நின்றது.

மச்சான் இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். "இதுக்கு மேல ஏறாது. பெட்டிய வேனுக்கு மாத்துங்கப்பா."

அண்ணி என் காதருகே வந்து கத்தினார். "தம்பி, அவர மாத்தி ஏத்த விடாதீங்க. பாதி வழியில எறக்கி விட்ட மாதிரி ஆயிரும்."

"தீப்பொறி விழுற டைமிங்ல தப்பு மச்சான்," என்றேன்.

"நேத்துதான் டைமிங் லைட் அடிச்சுப் பாத்தேன். குறி அசையாம நிக்குது."

"சும்மா நிக்கிறப்ப எல்லாரும் நல்லவங்கதான்."

தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளே இருந்த தட்டையும் கழற்றினேன். வேகம் கூடக் கூட, தீப்பொறி கொஞ்சம் முன்கூட்டி விழ வேண்டும். அதை முன்னால் தள்ள இரண்டு குட்டி எடைகள். அவை அவசரப்படாமல் இழுத்துப் பிடிக்க இரண்டு ஸ்பிரிங். ஒன்று சரியானது. இன்னொன்று பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங். அது எதைப் பிடிக்கும்? லேசாக மிதித்தாலே எடைகள் பாய்ந்து, தீப்பொறி முந்திக்கொண்டு விழுந்து, ஏறி வருகிற பிஸ்டனின் தலையில் குட்டியிருக்கிறது.

அண்ணி எட்டிப் பார்த்தார்.

"அது அவரு போட்டது. போன மாசம். கையி நடுங்க நடுங்க… 'வேற கெடைக்கிற வரைக்கும் இருக்கட்டும்'னாரு."

ஸ்பிரிங்கின் நுனியைக் கொக்கியாக வளைத்திருந்தார். கோணல்மாணலான கொக்கி. கை வழுக்கி, மறுபடி வளைத்த தடம் தெரிந்தது. ஊருக்கே நேராகக் கம்பி வளைத்துக் கொடுத்தவர். அந்த ஸ்பிரிங்கை அப்படியே விட்டு, தட்டைத் திரும்ப மாட்டினேன்.

மாற்ற வேறு ஸ்பிரிங்கும் இல்லை. இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். ஒரே வழி, டிஸ்ட்ரிபியூட்டரையே கொஞ்சம் பின்னால் திருப்பித் தீப்பொறியைத் தாமதிக்க வைப்பது.

"எவ்வளவு திருப்புவ? கொறஞ்சா குட்டும். கூடினா இழுக்காது. பாரத்தோட ஏறுறப்பத்தான் அது தெரியும். அப்ப யாரு கேக்குறது? செவிடு நீயா?" என்றார் மச்சான்.

"நான் பல்லால கேப்பேன்."

"எழவு வீட்டுலயும் அளப்பியா மாப்ள?"

காது மெஷினைக் கழற்றி அண்ணியின் கையில் கொடுத்தேன். பானெட்டின் பக்கக் கதவைத் தூக்கிக் கட்டிவிட்டு மட்கார்டில் குப்புறப் படுத்தேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் கடித்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, என் பற்கள் இரண்டும் நேருக்கு நேர். நுனியை இன்ஜினின் தலையில் அழுத்தினேன். இடது கையில் பிடிமானத்துக்கு ஹெட்லைட் கம்பி, வலது கையில் இறுக்கம் தளர்த்திய டிஸ்ட்ரிபியூட்டர். ஸ்டியரிங்கில் இருந்த மச்சானுக்குச் சைகை காட்ட மிச்சமிருந்தவை கால்கள்தான். இடது காலை ஆட்டினால் மிதி.

ஆட்டினேன்.

மண்டை ஓட்டுக்குள் கூழாங்கல் கொட்டியது. மயிரிழை பின்னால் திருப்பினேன். பாதி கல் குறைந்தது. இன்னும் கொஞ்சம். சத்தம் நின்றது, ஆனால் லாரி சோம்பியது, பின்னால் வழுக்கப் பார்த்தது. வேன்காரன் ஹார்ன் அடித்திருப்பான், எனக்கென்ன தெரியும். மயிரிழையில் பாதி முன்னால் கொண்டுவந்தேன். அங்கே, குட்டலும் சோம்பலும் இல்லாத அந்த இடத்தில், அண்ணனின் இன்ஜின் என் எலும்புக்குள் ஒரே சீராக முனகியது. கையை அசைக்கவில்லை. காலை மட்டும் பேய் பிடித்தவன் போல ஆட்டினேன். யானைக்கூட்டம் வழிவிட்டது என்று சொல்ல ஆசைதான்; ஒரு நாய் வழிவிட்டது.

உச்சியில் இறங்கினோம். பெட்டியைத் தூக்கிப்போய்க் குழிக்குள் இறக்கினோம். மண் போட்டோம். அந்த நேரத்தில் எனக்கு ஒரு பொய்யும் தோன்றவில்லை.

பிறகு அண்ணி வந்து காது மெஷினைக் கொடுத்தார். மாட்டிக்கொண்டேன்.

"என்ன தம்பி, வாயெல்லாம் ரத்தம்?"

"லாரியக் கடிச்சுத் தூக்கினேன் அண்ணி."

சொந்தக்காரர்கள் எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். வழக்கமான வார்த்தை வரும் என்று நானும் பார்த்தேன். அவர் மண் ஒட்டிய கையை விரித்தார். மட்கார்டிலிருந்து பொறுக்கியெடுத்த என் பல் உள்ளங்கையில் இருந்தது.

"அளக்கல," என்றார் மெதுவாக. "நான்தான் ஓட்டுனேன். நான் பாத்தேன். பல்லாலதான் ஏத்துனான்."