பதினோராம் மேற்கோள்

"அதுல யார் வேணும்னாலும் எழுதலாமாடி?" என்று அத்தை ஒருமுறை என்னிடம் கேட்டாள். இணையக் கலைக்களஞ்சியத்தைப் பற்றித்தான் கேட்டாள். எழுதலாம், ஆனால் ஆதாரம் காட்ட வேண்டும் என்றேன். "பரவாயில்லையே, நம்ம வீட்ட விட ஒழுங்காத்தான் இருக்கு" என்று சிரித்தாள்.

பள்ளியை விட்ட பிறகு நானாகத் தேடிக்கொண்ட வேலை அது. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பழைய சித்திரக்கதைகளைப் பற்றிய கட்டுரைகளில் திறக்காமல் செத்துப்போன இணைப்புகளைத் தேடிப் பிடித்து, இணையக் காப்பகத்தில் கிடக்கும் நகலை அந்த இடத்தில் சேர்ப்பேன்.

அன்று மதியம் 'கப்பல் பூனை' கட்டுரையை எடுத்தேன். முப்பது வருடங்களுக்கு முன் சிறுவர் வார இதழில் வந்த அப்பாவின் தொடர். இப்போது புத்தகமாகிறது. பதிப்பகத்திலிருந்து அட்டை மாதிரி காலையில்தான் வந்திருந்தது. கதை, ஓவியம் இரண்டுக்கும் அப்பா பெயர் மட்டும். மாலைக்குள் அவர் சரி சொன்னால் அச்சுக்குப் போய்விடும்.

'எழுதியதும் வரைந்ததும் ஒருவரே' என்ற வரிக்குப் பதினோராம் மேற்கோள் ஆதாரம். ஒரு நாளிதழ்க் கட்டுரை, இணைப்பு செத்திருந்தது. நகல் காப்பகத்தில் கிடைத்தது. 'இவர் வரைந்த பூனையின் மீசையில் மீன் வாசம் அடிக்கும்' என்று அதில் படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. அது என் வரி. பதிமூன்று வயதில், அப்பா மீதிருந்த பெருமையில், ஆதாரம் எதுவும் இல்லாமல் கலைக்களஞ்சியத்தில் நான் எழுதியது, அந்த 'ஒருவரே' என்பதையும் சேர்த்து. தேதியைப் பார்த்தேன். நான் எழுதி ஒன்பதாம் நாள் நாளிதழ் அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது. பிறகு யாரோ அந்த நாளிதழையே என் வரிக்கு ஆதாரமாக்கியிருக்கிறார்கள்.

மற்ற இணைப்புகளையும் தேடினேன். ஒரு வாசகர் பழைய தளத்தில் ஏற்றியிருந்த, தொடர் தொடங்கிய முதல் இதழின் பக்கம் திறந்தது. கீழே பொடி எழுத்தில்: 'கதை: அண்ணன். படங்கள்: தங்கை.'

அப்பாவுக்கு ஒரே தங்கைதான், அத்தை.

மடிக்கணினியோடு கூடத்துக்கு ஓடினேன். அப்பா அங்கேதான் இருந்தார். அத்தை அட்டை மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, பூனைய வரைஞ்சது யாரு?"

"இப்ப எதுக்கு அது? அதான் பேப்பர்லயே போட்டுட்டானே."

"அந்த ஆள் நான் எழுதினதப் பாத்துதான்பா போட்டிருக்காரு. சின்ன வயசுல நான் உளறினது. இதப் பாருங்க, முதல் இதழ்."

அப்பா பார்த்தார். அத்தையும் எட்டிப் பார்த்தாள்.

"அட கழுதை, உன் வேலைதானா!" என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். "நீதான் பேப்பர்காரன்கிட்ட அப்படிச் சொல்லிட்டேன்னு நினைச்சேண்ணா. ஆறு வருஷமா உங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. சரி விடு, இன்னும் அச்சாகலையே. சொல்லி மாத்திடு."

அவள் கண் கலங்கிச் சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அப்பாவின் கைபேசி அடித்தது. பதிப்பகம்தான். எடுத்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமாங்க, பாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு. அச்சுக்குக் குடுத்துடுங்க."

அத்தையின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றிருந்தது, எடுத்து வைக்க மறந்ததுபோல. மெதுவாக எழுந்தாள். அட்டை மாதிரியை நாற்காலியில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.