கிட்டக் கொண்டுபோ

பண்டத்தரிப்புக் கோகுலன் மேடையேறினால் சபை அண்ணையைத்தான் கேட்கும். "அண்ணையைக் கொண்டு வா" என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வரும். அவனும் கொஞ்ச நேரம் பிகு பண்ணிவிட்டு, தொலைபேசியை எடுத்து முகத்துக்கு நேரே பிடிப்பான். அவ்வளவுதான், யாழ்ப்பாணத்து மண்டபம் சிரிக்கத் தொடங்கிவிடும்.

அண்ணை என்றால் சிவரூபன், அவனுடைய ஒரே கூடப்பிறந்தவன். பாரிசுக்கு வெளியே ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. அகதி வழக்கு வருடக்கணக்காக இழுபட்டது. அந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போக வழியில்லை. அதனால் அப்பா கதிரவேலு செத்தபோது மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை இளையவனே வைத்தான். மூத்தவன் தொலைபேசிக்குள் நின்றான். எங்கள் பக்கத்தில் இப்போது செத்தவீடு என்றால் பந்தல்காரனுக்கு முதல் வீடியோக்காரனைத்தான் தேடுவார்கள். பாதிச் சொந்தம் வெளிநாட்டில் கிடக்கிறது, வேறு என்ன செய்வது?

கோகுலன் மேடையில் செய்தது அந்தச் செத்தவீட்டைத்தான். "தம்பி, கிட்டக் கொண்டுபோ. இன்னும் கிட்ட. உது ஆரடா குறுக்கை நிக்கிறது, முத்துக்குமாரு மாமாவோ? தள்ளி நிக்கச் சொல்லு. மாமி ஏன் அழேல்லை? கமரா வந்திட்டுது, அழச் சொல்லு." இடையிடையே குளிரில் நிற்பவன் மாதிரி வாயால் புகை ஊதுவான். முதலாளி லீவு கொடுக்காததால், இறைச்சி அடுக்கிய குளிர் அறைக்குள் ஒளித்து நின்றுதான் அண்ணை அப்பாவைப் பார்த்தான். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிப்பு அடங்கும் நேரம் பார்த்து கோகுலன் குரலை இறக்குவான். "அப்பாவின்ரை காலை ஒருக்காக் காட்டு தம்பி, கும்பிடவேணும்." மண்டபத்தில் ஒரு சத்தம் இருக்காது. மூக்கை உறிஞ்சுவது மட்டும் அங்கொன்று இங்கொன்றாகக் கேட்கும்.

சிவரூபனும் அதைப் பார்த்திருந்தான். "எங்கடை அறையிலை எல்லாரும் சிரிச்சவங்கள், கடைசியிலை அழுதும் போட்டாங்கள்" என்று தொலைபேசி எடுத்துச் சொன்னான். அவனுக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கோபிசங்கர் வந்து சேர்ந்தான். கொழும்பில் இருந்து நடக்கும் ஒரு இணையச் செயலிக்குச் சின்னச் சின்ன நகைச்சுவைக் காட்சிகளாக ஒரு தொடர். அவன் இயக்குநர், கோகுலன் எழுத்தும் நடிப்பும். மூன்றாவது பகுதி முழுக்கச் செத்தவீடு. அண்ணையாக நடிக்க யாழ்ப்பாணத்திலேயே ஒரு தடித்த மனிதரைப் பிடித்துவிட்டார்கள்.

"மேடை வேறை, இது வேறை," என்றான் கோபிசங்கர். "சனம் பஸ்ஸுக்குள்ளை தொங்கிக்கொண்டு பாக்கிறது. சிரிச்ச கையோடை அடுத்ததுக்குப் போயிடவேணும். அந்தக் கால் கும்பிடுறதை எடுத்துப் போடுங்கோ. குளிர் அறையும் வேண்டாம், பாவமாக் கிடக்குது. ஆளைச் சோபாவிலை இருத்துவம். கோட்டு, சங்கிலி, கையிலை கிளாஸ்."

அது என்னுடைய அண்ணை என்று கோகுலன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கலியாண வீட்டிலும் பழைய மாணவர் ஒன்றுகூடலிலும் சோறு வரும்வரைக்கும் சனத்தைச் சிரிக்க வைத்துக் களைத்தவன் அவன். இந்தத் தொடர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஓடும். அந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது. மறைத்தது போதாதென்று தானாகவே ஒரு காட்சியும் சேர்த்துக் கொடுத்தான்: அண்ணை வாயைக் கோணி அழுவான், அழுதுகொண்டே திரையில் தன் முகத்தைப் பார்த்துச் சீப்பால் தலை இழுப்பான், பிறகு விட்ட இடத்திலிருந்து அழுவான். கோபிசங்கர் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பகுதி ஓடு ஓடென்று ஓடியது. கடைத்தெருவில் முன்பின் தெரியாத பெடியள் கோகுலனைக் கண்டால் தொலைபேசியை உயர்த்தி வாயைக் கோணினார்கள். வீட்டில் அம்மா பூரணம் மட்டும் சிரிக்கவில்லை. மகனுடைய தொலைபேசியில் முழுதும் பார்த்து முடித்தாள்.

"அண்ணை கோட்டுப் போட்டுக்கொண்டோ நிண்டவன்?"

"அது சும்மா அம்மா. படத்துக்கு."

"அவன்ரை மூக்கெல்லாம் சிவந்து கிடந்தது. அப்பாவின்ரை செத்தவீட்டிலை நான் பாத்தனான்."

அவள் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அதற்குப் பிறகு சிவரூபன் கோகுலனுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. அம்மாவுக்கு எடுப்பான். அதுவும் கோகுலன் படப்பிடிப்புக்குப் போன நேரமாகப் பார்த்து எடுப்பான். கோகுலன் எடுத்தால் மணி அடித்து ஓயும். கோபம் ஆறட்டும், பிறகு பேசி மன்னிப்புக் கேட்கலாம் என்று இவன் நாளைத் தள்ளினான். அடுத்த தொடருக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நேரம் கிடைக்காமல் போனது என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது முழுப் பொய். பயம்தான்.

மாரியில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் வைத்திருந்தார்கள், நெஞ்சில் சளி கட்டிவிட்டது, அங்கேயே போய்விட்டாள். கோகுலன் அழைத்தான், அண்ணை எடுக்கவில்லை. "கேள்விப்பட்டன்" என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

அம்மாவுக்குக் கொள்ளி இளையவன் வைப்பதுதான் முறை. அதில் கோகுலனுக்குக் குழப்பமில்லை. அண்ணை அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு. ஊரிலேயே திறமான வீடியோக்காரரைப் பிடித்து நேரடி ஒளிபரப்புக்கு ஒழுங்கு செய்து, இணைப்பை அண்ணைக்கு அனுப்பினான். கமராவுக்குப் பக்கத்தை விட்டு அசையவில்லை. "முகத்திலையே வையுங்கோ" என்று வீடியோக்காரருக்குச் சொன்னான். குறுக்கே நின்ற முத்துக்குமாரு மாமாவைத் தோளில் தொட்டுத் தள்ளி நிற்கச் சொன்னான். மாமா அவனை ஒரு மாதிரிப் பார்த்தார்.

யார் யார் பார்க்கிறார்கள் என்று தொலைபேசியில் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. ரொறன்ரோ மாமி, லண்டன் சித்தப்பா குடும்பம், அவுஸ்திரேலியாவிலிருந்து மச்சாள் பிரியந்தினி. கைகூப்பும் படங்களும் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்ற வரிகளும் மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே யாரோ ஒருவன் "கிட்டக் கொண்டுபோ" என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தான். அம்மாவின் முகம் தெரிந்த திரைக்குக் கீழே அது தெரிந்தது. கோகுலன் அழிக்கலாம் என்றால் கை நிறைய வாய்க்கரிசி.

சிவரூபனின் பெயர் வரவில்லை.

"பெட்டியை மூடப் போகினம்," என்றார் ஐயர்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா. அண்ணை இன்னும் வரேல்லை."

வரேல்லை என்ற சொல்லைக் கேட்டதும் பெண்கள் ஓவென்று அழுதார்கள். ஐயர் பொறுத்தார். முத்துக்குமாரு மாமா கிட்ட வந்து, "பொழுது படுகுது மோனை, சுடலைக்குப் போகவேணும்," என்றார். கோகுலன் தொலைபேசியைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான். மூடினார்கள்.

கொள்ளி வைத்து, தோய்ந்து, வீட்டுக்கு வந்து ஈரத்தோடு நிற்கும்போது தொலைபேசி அடித்தது. அண்ணை.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை. நீங்கள் பாக்கேல்லையோ? லிங்க் வந்ததோ?"

"வந்தது."

அண்ணை கதவொன்றைச் சாத்துவது கேட்டது.

"தம்பி, உன்ரை படம் வந்ததிலை இருந்து நான் போனைத் தூக்கி முகத்துக்கு நேரை பிடிச்சாலே எங்கடை அறைப் பெடியளுக்குச் சிரிப்பு. நல்ல பெடியள், பகிடிக்குத்தான். இண்டைக்கும் தூக்கினனான். லிங்கைத் திறக்க முதலே அழுகை வந்திட்டுது. ஒருத்தன் என்ரை வாயைப் பாத்திட்டுச் சிரிச்சான். அவனுக்கு அம்மா செத்தது தெரியாது. நானும் சேர்ந்து சிரிச்சுப் போட்டு, போனை வைச்சிட்டன்."

கோகுலன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணை, நான்..."

"அதை விடு. அம்மாவுக்கு என்ன சீலை கட்டினவை?"

"நீலம். கரையிலை வெள்ளைப் பூப் போட்டது."

"வடிவா இருந்தவவோ?"

"ஓம் அண்ணை. நித்திரை மாதிரி இருந்தவ."

சிவரூபன் அழுகிறானா என்று கோகுலனால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைக் காட்டாமல்தான் அவன் எடுத்திருந்தான்.